வெற்றிலை பாக்கு வைத்துச் செய்யும் துரோகம்

அன்பான வாசகர்களே, எல்லோரும் சுகமா? உங்கள் பக்கம் வெயில் எப்படி? முட்டு வலி உள்ளவர்கள் மாடிப்படி ஏறாமல் இருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மாம்பழத்தை ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நிறுத்துவதில்லை, அது வேறு விஷயம்.

இன்று உங்களுக்கு ஒரு மகத்தான செய்தி சொல்ல வந்திருக்கிறேன். மனித குலம் தோன்றிய நாளிலிருந்து துரோகம் நடந்துகொண்டிருக்கிறது. அரசர்கள் செய்தார்கள். கட்சிகள் செய்கின்றன. பக்கத்து வயல்காரர் வருடம் ஒரு விரற்கடை வரப்பை வெட்டிச் செய்கிறார். ஆனால் இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் துரோகத்துக்கு ஓர் ஒழுங்குமுறை வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெருமை, கமுதிக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டரில், என் மகன் சோணைமுத்துவின் டிராக்டர் கொட்டகைக்கு என்று எழுதி வைத்திருந்தது. பதினான்கு விதிகள். என் கைப்படச் செல்போனில் தட்டினேன். அதனால் பிழை இருந்தால் என்னுடையது, அறிவு இருந்தால் அவர்களுடையது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்காளி வீட்டுப் பேரன் காளிராஜுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "வீட்டிலிருந்தே பாருங்கள்" என்று கம்பெனி சொல்லிவிட்டதால் ஊரிலிருந்தே பார்க்கிறான். அதாவது ஊரில் இருக்கிறான். அவன் கொண்டுவந்ததுதான் இந்தக் கோட்டை ஆட்டம். ஆளுக்கு ஒரு வீரன். வீரன் என்ன செய்கிறான் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை நெல்லிக்காய் அளவில் இருபது முகம் வைத்த ஒரு பகடை சொல்லும். பத்துக்கு மேல் விழுந்தால் பலிக்கும். கதையை நடத்துகிறவன் காளிராஜ். தனுஷ்கோடிக்கு அப்பால், மணல் திட்டுகளையும் தாண்டி, கடலுக்குள் ஒரு கோட்டை. கோட்டைக்குள் புதையல். புதையலுக்கு ஒரு பூதம் காவல்.

வாரம் முழுவதும் மிளகாய்க்கு மருந்தடித்துக் களைத்த நாற்பது வயது ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உர மூட்டைகள் மேல் கேரம் போர்டை வைத்துக்கொண்டு பூதத்தைத் தேடிப் போவார்கள். இப்படிப்பட்ட பொறுப்புணர்ச்சி எந்த ஊரில் உண்டு?

வீரர் பொம்மைகள் தபாலில் வந்து சேரவில்லை. ஆகவே சோணைமுத்துவின் வீரன் எங்கள் பக்கத்து உருண்டை மிளகாயான முண்டு மிளகாய் ஒன்று. பெயர் வேங்கைமாறன். என் மருமகன் மாரிச்செல்வத்தின் வீரன் ஒரு சோடா மூடி. பெயர் கருக்கல் காளை. கமுதியில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் வாவு முகம்மது பாய்க்கு மந்திரவாதி வேடம். அவர் சொந்தச் செலவில் ஒரு நட்டு கொண்டுவந்தார்.

பகடையை உருட்டுவது யார் என்பதில் முதல் வாரமே சந்தேகம் எழுந்தது. மச்சான் உருட்டினால் மாப்பிள்ளை நம்பமாட்டான். மாப்பிள்ளை உருட்டினால் மச்சான் நம்பமாட்டான். கடைசியில் ஒருவனுக்கு மகளும் மற்றவனுக்கு மருமகளுமான கவிப்ரியாவிடம் கொடுத்தார்கள். ஆறு வயது. முன்பல் இரண்டு கிடையாது. நடுநிலைக்கு அதைவிட என்ன தகுதி வேண்டும்?

துரோகம் ஒரு ஞாயிறு மூன்றே கால் மணிக்கு நடந்தது.

"கோட்டைக்குள்ள ஒரு கெணறு இருக்கு. நல்ல தண்ணி. சித்தப்பா, என்ன செய்றீங்க?" என்று கேட்டான் காளிராஜ்.

"மோந்து குடிக்கிறேன்யா. உப்புக் காத்துல அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கோம்ல" என்றான் சோணைமுத்து. நிஜமாகவே தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா, நீங்க?"

மாரிச்செல்வம் பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு, "நான் அவரப் பின்னால இருந்து தள்ளிவிடுறேன்" என்றான்.

"யாரை?"

"மச்சானைத்தான். கெணத்துக்குள்ள."

"ஏன் மாமா?"

"சும்மாதான். புதையல்ல ஒரு பங்கு கொறையும்ல."

கவிப்ரியா உருட்டினாள். பகடை கேரம் போர்டின் நான்கு ஓரத்திலும் முட்டிவிட்டு நின்றது. "அய்! இருவது!" என்று கைதட்டினாள். பாவம், நடுநிலை.

"இருப்பா, இருப்பா. நான் திரும்பிப் பாக்குறேன். பாத்து மாப்ள கையப் புடிச்சுக்கிறேன்" என்று எழுந்தான் சோணைமுத்து.

"முடியாது சித்தப்பா. இது திடீர்த் தாக்குதல். உங்களுக்குத் தெரியாது. அந்தச் சுத்துல நீங்க ஒண்ணுமே செய்யக் கூடாது. ஆட்டப் புஸ்தகத்துல போட்டிருக்கு."

"தெரியாதா? எம் மூஞ்சிக்கு முன்னாடிதானடா சொன்னான்!"

"உங்களுக்குத் தெரியும். வேங்கைமாறனுக்குத் தெரியாது."

"அவனுக்கு நான் சொல்றேன்."

"அவன் உங்க பேச்சக் கேக்க முடியாது சித்தப்பா."

"நான் பேரு வச்சு வளத்தவன், எம் பேச்சக் கேக்க மாட்டானா?"

காளிராஜ் மிளகாயை எடுத்துப் போர்டுக்கு வெளியே வைத்தான். சோணைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"தண்ணி குடிக்கிறவனத் தள்ளிவிட்டுட்டியே மாப்ள. இனி உன் வீட்டுல ஒரு வாய்த் தண்ணி நான் நம்பிக் குடிப்பேனா?"

"மச்சான், அது சோடா மூடி மச்சான்."

"தள்ளுனதுதான் சோடா மூடி. சொன்னது உன் வாயி."

வெளிநடப்புச் செய்தான். கொட்டகை அவனுடையது என்பது வாசல் தாண்டியதும்தான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, மற்றவர்களை வெளியே அனுப்பி, பூட்டிவிட்டு, மறுபடியும் வெளிநடப்புச் செய்தான். நாகரிகமான பிள்ளை.

மறுநாள் காலையில் அறிவிப்பு வந்தது: கவிப்ரியாவின் காதுகுத்துக்குச் சோணைமுத்துவின் மடி கிடையாது.

இது சாதாரண அறிவிப்பு இல்லை. எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் குத்துக்கல்லாக ஊரில் இருக்கும்போது வேறு மடி செல்லாது. கவிப்ரியாவுக்கு ஒன்றரை வயதில் குத்தியிருக்க வேண்டியது. கொரோனா வந்தது. பிறகு மாரிச்செல்வத்தின் பங்காளி வீட்டில் துக்கம். பிறகு மழை இல்லை. இப்போது ஆறு வயது ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தோடு ஆட ஆடப் பேசும்போது இவள் காதில் வேப்பங்குச்சியை ஒட்டிவைத்துப் பார்க்கிறாள். என் மகள் கோகிலா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருடம் எப்படியும் அய்யனார் கோயிலில் வைத்துக் குத்திவிடுவது என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. நாள் குறித்தது ஐந்து வாரம் கழித்து.

கோகிலா பத்திரிகையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, தாய்மாமன் மடின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீ இப்படிச் சொன்னா நான் என்ன செய்யட்டும்?"

"மடிக்கு வேற ஆளப் பாரு. உன் புருஷன் கெணத்துல தள்ளுனதுல எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"உனக்கு எங்கன ஒடிஞ்சுச்சு? மிளகாய்க்குல்ல ஒடிஞ்சுச்சு!"

"இன்னைக்கு மிளகா. நாளைக்கு நானு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நாலாந் தடவையும் நின்னுச்சுன்னா ஊரு என்னையச் சிரிக்கும்ண்ணே. அந்தப் புள்ள தெனமும் கண்ணாடி முன்னால நிக்கிது." சோணைமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். வீட்டில் மாடு இல்லை.

வாவு பாய்தான் சமாதானத்துக்கு வந்தார். பெரிய மனிதர். மோட்டாரை மட்டுமல்ல, மனிதர்களையும் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர். "சோணைமுத்து, உமக்கு என்னதான்யா வேணும்?" என்று கேட்டார்.

"பாய், துரோகம் செய்யட்டும். வேண்டாங்கல. ஒரு முறை வேணாமா? நம்மகிட்ட எதுக்குத்தான் முறை இல்ல? எழவுக்கு முறை இருக்கு. இதுக்கு மட்டும் இல்லன்னா எப்படி?"

இவ்வாறாக, "திடீர்த் தாக்குதல் மற்றும் துரோக ஒழுங்குமுறைக் குழு" அமைந்தது. தலைவர் வாவு முகம்மது. தொழில்நுட்ப ஆலோசகர் காளிராஜ். பாதிக்கப்பட்டவர், பாதித்தவர் இருவரும் உறுப்பினர்கள். இரண்டு தரப்பும் என்னைச் சம அளவில் நம்பாததால் நான் செயலாளர். மூன்று ஞாயிறுகள் அமர்வு. ஒவ்வோர் அமர்விலும் டீ, வடை, வெளிநடப்பு.

முதல் பிரச்சினை முன்னறிவிப்பு. ஏழு நாளைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றான் சோணைமுத்து.

காளிராஜ் தலையைப் பிடித்துக்கொண்டான். "ஏழு நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டா அது எப்படி சித்தப்பா திடீர்த் தாக்குதல்?"

"ஏன், திடீர்னு தாக்கட்டும். தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்போது திடீர்னு தாக்கட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?"

தலைவர் நீண்ட நேரம் யோசித்து, "நியாயந்தானே" என்றார். நிறைவேறியது.

"வாட்ஸப்ல சொன்னாப் போதும்ல?" என்றான் மாரிச்செல்வம்.

"போன்ல சொன்னா மதிப்பாடா மாப்ள? கல்யாணத்துக்குப் போன்ல கூப்புட்டா நீ போவியா? தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, புருஷன் பொஞ்சாதியா வீட்டுக்கு வந்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன எடத்துல உங்களக் குத்தப் போறோம், குடும்பத்தோட வந்துருங்கன்னு சொல்லணும்."

"பூதம்?" என்றான் காளிராஜ்.

"பூதத்துக்கு என்ன?"

"பூதமும் திடீர்னுதான சித்தப்பா பாயும்? அது எப்படி வெத்தல பாக்கு வைக்கும்?"

"ஏன், அதுக்கு ஆள் இல்லையா? ஆள்ட்டச் சொல்லி விடச் சொல்லு."

பூதத்தின் சார்பில் அழைப்பு வைப்பது காளிராஜின் பொறுப்பு என்று தீர்மானிக்கப்பட்டது. பெங்களூர்க் கம்பெனியில் இப்படிக் கூடுதல் பொறுப்பு யார் கொடுப்பார்கள்?

யார் முதலில் அடிப்பது என்பதைப் பகடை தீர்மானிக்கும் என்றது புத்தகம். "அப்பறம் வயசுக்கு என்ன மரியாத?" என்றது குழு. முறையில் மூத்தவர் முதலில் அடிப்பார். சம்பந்திகளை முதுகில் குத்தக் கூடாது, விலாவில் குத்தலாம். ஊர்க் கோயிலில் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை துரோகத்துக்கு விடுமுறை. உண்பவர், குடிப்பவர், உட்கார்ந்திருப்பவர், வேட்டி கட்டிக்கொண்டிருப்பவர் ஆகியோர் மீது தாக்குதல் கிடையாது. இது ஆறாம் விதி. ஒவ்வொரு விதி நிறைவேறும்போதும் கவிப்ரியா அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வராத பிள்ளை, பதினான்கையும் வரிசையாகச் சொன்னது. எங்களுக்கெல்லாம் ஒரே பூரிப்பு.

பதினான்காம் விதி சோணைமுத்துவின் சொந்தப் படைப்பு. அதைச் சொல்ல எழுந்து நின்றான்.

"இம்புட்டையும் மீறி ஒருத்தன் துரோகம் பண்ணிட்டான்னு வைங்க. பட்டவனுக்கு எங்கன காயமோ, பண்ணவனுக்கும் அங்கனயே காயம் படணும். அதே எடம். அதே காயம். அன்னைக்கே."

"ஆட்டத்துக்குள்ள மட்டுந்தான மச்சான்?" என்றான் மாரிச்செல்வம்.

"ஆட்டத்துக்குள்ள மட்டும்னு எழுதுனா நீ வெளிய வந்து செய்வ. உறுப்பினர் எல்லாத்துக்கும், எங்கனயும், எப்பவும்னு போடும்மா."

போட்டேன்.

பிறகு கையெழுத்து. "பகடைக்காரியும் போடணும். நாளைக்கு நான் உறுப்பினர் இல்லன்னு சொல்லிட்டா?" என்றான் சோணைமுத்து. முன்யோசனைக்காரன்.

"எனக்குமா மாமா?" என்றாள் கவிப்ரியா.

"ஒனக்குந்தான் தாயி. எல்லா விதியும் ஒனக்கும் உண்டு."

அவள் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, மூன்று வரி இடத்தில் தன் பெயரை எழுதினாள். 'ப்'புக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்பி வந்து வைத்தாள்.

விதிகள் எப்படிப் பலன் தந்தன என்று பாருங்கள். கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே மாரிச்செல்வமும் கோகிலாவும் புதுத்துணி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்துச் சோணைமுத்து வீட்டு வாசலில் நின்றார்கள்.

"வர்ற ஞாயித்துக்கெழம மூணே காலுக்கு ஒங்களக் கெணத்துல தள்ளுறதா இருக்கோம் மச்சான். அவசியம் வரணும்" என்றான் மாரிச்செல்வம்.

"வந்துட்டாப் போச்சு" என்றான் சோணைமுத்து. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. சோணைமுத்துவின் மனைவி கலைச்செல்வி காப்பி கொடுத்தாள். "மதினியையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று கோகிலா முறைப்படி அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றே காலுக்கு, ஊரில் பாதிப் பேர் பார்க்க, ஒரு புது மிளகாய் கிணற்றில் தள்ளப்பட்டது. விழுந்தவன் எழுந்து தள்ளியவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "இதுதான்யா தள்ளுறது. இப்படித் தள்ளுனா நான் தெனம் விழுவேன்" என்றான். கோகிலாவைப் பார்த்து, "மடி இருக்கு ஆத்தா. நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு வா" என்றான். அவள் அங்கேயே அழுதாள். இந்த முறை நல்ல அழுகை.

காதுகுத்து நாளும் வந்தது.

அதற்கு முந்தைய நான்கு நாள்களும் கவிப்ரியா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "வலிக்குமா?"

"சேச்சே. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்றான் அப்பன்.

"குத்துறதே இல்ல தாயி. பேருதான் காதுகுத்து. சும்மா பொட்டு வைப்பாக" என்றான் மாமன்.

"அம்மாச்சி, நெசமா?" என்று என்னிடம் வந்தாள். நான் நெற்றியில் முத்தமிட்டு, "நெசந்தாண்டி தங்கம்" என்றேன்.

மாமன் சீர் டிராக்டரில் வந்தது. பட்டுப் பாவாடை, மாலை, தோடு, ஒன்பது தட்டுப் பழம், முன்னால் மேளம். வாவு பாய் குடும்பத்தோடு வந்து முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் கிடாக்கறி வெந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அய்யனார் குதிரை நிழலில் சோணைமுத்து சம்மணம் போட்டு உட்கார, மடியில் கவிப்ரியா. இளவரசி மாதிரி இருந்தாள். ஆசாரி பெரியவர் ஊசியை முழங்கைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். நாற்பது வருட அனுபவம்.

"தங்கம், அங்கன பாரு மயிலு!" என்று கையை நீட்டியது நான்.

பார்த்தாள். மாமன் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். அப்பன் தலையைப் பிடித்தான். வலது காதில் ஊசி இறங்கியது.

அந்த அலறலில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பெண்களும் சிரித்துக்கொண்டே குலவை போட்டோம். பிள்ளை அழும்போது சிரிப்பது எங்கள் வழக்கம். நல்ல சகுனம்.

ஆசாரி இடது பக்கம் வந்தார். கவிப்ரியா இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். அழுகை நின்றிருந்தது. மூச்சு மட்டும் வெட்டி வெட்டி வந்தது.

"விதி ஒண்ணு" என்றாள்.

"என்ன தாயி?"

"ஏழு நாளைக்கு முன்னாடி சொன்னீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"விதி ரெண்டு. வெத்தல பாக்கு வச்சீங்களா? விதி ஆறு. நான் உக்காந்திருந்தேன். உக்காந்திருக்கிறவங்களத் தாக்கக் கூடாது." மாமன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "விதி பதினாலு."

சோணைமுத்துவின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்ல!

"தாயி, அது ஆட்டத்துக்குல்ல..."

மாரிச்செல்வம் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டான். குரலைச் சரிசெய்துகொண்டு படித்தான்: "உறுப்பினர் அனைவருக்கும், எங்கேயும், எப்போதும்." படித்துவிட்டு, "விதி விதிதான் மச்சான். நீங்க சொன்னதுதான்" என்றான்.

"ஏலே மாப்ள, சும்மா இரு. மணி பத்தாச்சு."

"அண்ணே, நேரம் போகுதுண்ணே" என்று கோகிலா கையைப் பிசைந்தாள். "ஒத்தக் காதோட எழுந்திரிச்சா அவ்வளவுதான். அம்மாடி, கைய எடுடி."

"மாமாவுக்குக் குத்துனாத்தான் எடுப்பேன்."

எல்லோரும் வாவு பாயைப் பார்த்தார்கள். குழுவின் தலைவர் அல்லவா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "புள்ள கையெழுத்துப் போட்டிருக்கு. புள்ளியும் வச்சிருக்கு. நான் என்னத்தச் சொல்ல? அல்லாவுக்குப் பதில் சொல்லணும்ல? குத்துங்க ஆசாரி."

சோணைமுத்துவுக்குச் சின்ன வயதில் குத்திய காதுதான். கடுக்கனைக் கழற்றி முப்பது வருடம் ஆனதில் ஓட்டை தூர்ந்துவிட்டது. ஆசாரி அதே இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து இறக்கினார். என் மகன் போட்ட சத்தத்தில் கிடாக்கறி வெந்துகொண்டிருந்த இடத்திலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு ஓடிவந்தார்கள்.

"இப்ப அய்யாவுக்கு" என்று அப்பனைக் காட்டினாள் கவிப்ரியா.

மாரிச்செல்வத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. "எனக்கு ஏன்டா கண்ணு? நான் மடியில வச்சிருக்கலியே!"

"எறும்புன்னு சொன்னது நீங்க. தலையப் புடிச்சது நீங்க."

"உக்காரு மாப்ள" என்றான் சோணைமுத்து, காதைப் பிடித்துக்கொண்டே. "வா, என் மடியிலயே உக்காரு."

உட்கார்ந்தான். குத்தினார்கள். கோகிலாவுக்கு ஏற்கெனவே மூன்று ஓட்டை இருப்பதால் விடுதலை. அடுத்து என் பக்கம் திரும்பினாள். நான் காதைக் காட்டினேன். அறுபது வருடமாகப் பாம்படம் ஆடிய காது, ஒரு விரல் நுழையும். "அம்மாச்சிக்குக் குத்த எடமே இல்ல" என்றார் ஆசாரி. கவிப்ரியா, மயில் இருக்கும் என்று நான் காட்டிய பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

சோணைமுத்துவும் என்னைப் பார்த்தான். "எம்மா, அன்னைக்கு என்னைய மாமா மடியில உக்கார வச்சப்ப, நீ எதக் காட்டுன?"

"ரயிலு" என்றேன்.

"இங்கன ஏது ரயிலு?"

நான் பேத்தியின் மாலையைச் சரிசெய்தேன்.

மணி பத்தே கால். கவிப்ரியா இடது காதிலிருந்து கையை எடுத்தாள். ஆசாரி இந்த முறை ஊசியை மறைக்கவில்லை. அவள் முன்னால் காட்டினார். "வலிக்கும் தாயி. மூணு எண்ணுற நேரம் நல்லா வலிக்கும். அப்பறம் கொறைஞ்சிரும்" என்றார். நாற்பது வருடத்தில் அவர் ஒரு பிள்ளையிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு சாப்பிடும்போது சொன்னார்.

"சரி, குத்துங்க" என்றாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவளே எண்ணினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கோகிலா மகளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி காட்டினாள். இரண்டு தோடும் ஆடின.

இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் ஊர் சாதாரண ஊர். அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். வலது காதில் மஞ்சள் அப்பிய இரண்டு உறுப்பினர்களும் ஒரே உர மூட்டையில் அருகருகே உட்கார்ந்தார்கள். இப்படி ஓர் ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை. முதல் நடவடிக்கையாகக் கவிப்ரியாவை, "போயிக் குச்சி ஐஸ் வாங்கிக்கிட்டு வா தாயி" என்று அனுப்பினார்கள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் பதினைந்தாம் விதி ஒருமனதாக நிறைவேறியது:

"பத்து வயதுக்கு உட்பட்டோர் உறுப்பினர் ஆகார். காது குத்துதல், ஊசி போடுதல், கசப்பு மருந்தைத் தேனென்று புகட்டுதல், 'இதோ வந்துவிடுகிறேன்' என்று பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ஓடிப்போதல் முதலியன துரோகம் என்ற சொல்லின் கீழ் வாரா. இவை 'பாசம்' எனப்படும்."

நான்தான் தட்டினேன். பிழை இல்லாமல் தட்டினேன்.

ஆகவே வாசகர்களே, பெருமையோடு அறிவிக்கிறேன்: எங்கள் ஊரில் துரோகம் அடியோடு ஒழிந்துவிட்டது. மிளகாய்க்கும் சோடா மூடிக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. பூதம்கூடத் தாம்பாளத்தோடுதான் வருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் பின்னாலிருந்து குத்தப்படும் ஆபத்து இனி எங்களை நம்பி மடியில் உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான்.

உங்களை மடியில் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டார் எதைக் காட்டினார்கள்? காக்காயா, ஆகாய விமானமா, நிலாவா? நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் யாருக்கு எதைக் காட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதை எழுத மட்டும் எல்லோருக்கும் கை வராது. நான் முதலில் சொல்லிவிடுகிறேன்: மகனுக்கு ரயில், பேத்திக்கு மயில். எங்கள் அய்யனார் கோயில் பக்கம் மயில் வந்ததே இல்லை.